கவனம், ஆடம்பரப் பிரிவு

அரவணைப்புக் காப்பீட்டுக் கழகத்தில் யாரும் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. அங்கே அது கெட்ட வார்த்தை. ‘தற்போதைக்குப் பொருந்தவில்லை’ என்பார்கள், ‘மறுபரிசீலனைக்கு உகந்தது’ என்பார்கள், ரொம்ப நெருக்கிப் பிடித்தால் ‘உங்கள் நலன் கருதி’ என்பார்கள். பல்செட் செய்கிறவள் இந்த மூன்றையும் ஒரே காலையில் ஒரே சன்னலில் ஒரே பெண்ணின் வாயிலிருந்து கேட்டாள். அதற்கப்புறமும் மருந்து கிடைக்குமா கிடைக்காதா என்று அவளுக்குப் புரியவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்த மருந்தே அவளுக்கு இப்படிப்பட்டவை புரிவதற்காகத்தான்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பல் கூடத்தில். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றித் தாடை வார்ப்பது, அதன்மேல் மெழுகு கட்டிப் பல்லை ஒவ்வொன்றாக நடுவது, கடித்துப் பார்த்துச் சரிசெய்வது, இதுதான் தொழில். கூடத்தில் அவளுக்குக் ‘காத்து’ என்று பெயர். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். மெழுகை அடுப்பில் வைத்துவிட்டு மாவு கலக்கப் போவாள், மாவைக் கலந்துவிட்டு சன்னலைத் துடைப்பாள், சன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் மெழுகு புகையும். ஒருமுறை ஒரு ஓய்வுபெற்ற நீதிபதிக்கு இரண்டு மேல்தாடை செய்து அனுப்பிவிட்டாள். பெட்டியைத் திறந்த டாக்டர் போன் போட்டு, “இவருக்குக் கீழ் வாயே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?” என்று கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் கூடத்தின் முதலாளியம்மா அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பாள். ஆனால் இவள் செய்த பல்லுக்கு இணையாக அந்த வட்டாரத்தில் யாரும் பல் செய்ததில்லை. “கை என்னவோ நல்ல கைதான். தலைதான் ஊர் சுத்துது. போய் ஒரு டாக்டரப் பாரு,” என்றாள் முதலாளியம்மா.

டாக்டர் பார்த்தார். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடு என்றார். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் என்றார். பள்ளியில் அவளை ‘மந்தம்’ என்றும் வீட்டில் ‘திமிர்’ என்றும் சொன்ன விஷயத்துக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். ஒரு பல்லை நட்டாள். அடுத்ததை நட்டாள். அதற்கடுத்ததையும் நட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது முழு வாயும் முடிந்திருந்தது, மெழுகு புகையவில்லை, சன்னல் துடைக்கப்படாமல் அழுக்காகவே இருந்தது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் எல்லாரும் இத்தனை வருஷமாக இப்படித்தான் இருந்தார்களா, தன்னிடம் மட்டும் யாருமே சொல்லவில்லையா என்றிருந்தது அவளுக்கு.

மாத்திரையின் விலை அவள் சம்பளத்தில் பாதியை விழுங்கும். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை, காப்பீடு இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்ததே அண்ணன்தான். அரவணைப்புக் கழகத்தில் அவன் அதிகாரி. “வெளியில யாரோ எவனோகிட்டப் போய் ஏன் ஏமாறணும்? வீட்டுலயே நான் இருக்கேன்ல?” என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினான். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவள் யாரோ எவனோவிடம் ஏமாறவில்லை.

எட்டொன்பது மாதம் மருந்து ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒருநாள் மருந்துக் கடைக்காரர் கையை விரித்தார். “கம்பெனி நிறுத்திட்டாங்கம்மா. போய்க் கேளுங்க.”

கேட்கப் போனாள். அங்கேதான் அந்தச் சன்னல் பெண்.

“மேடம், மருந்துகள நாங்க நாலா பிரிச்சிருக்கோம். உயிர், உடம்பு, வசதி, ஆடம்பரம். உங்க மருந்து போன மாசத்துலேருந்து ஆடம்பரத்துல வருது. முடி வளர்ற எண்ணெய், தோல் வெளுக்கிற களிம்பு, அதுக்கடுத்து உங்களது.”

“கவனம் ஆடம்பரமா?”

“கவனம் இல்லாம யாரும் செத்ததா எங்ககிட்டப் பதிவு இல்ல மேடம்.”

“கவனம் இல்லாம ரோட்டக் கடந்து வண்டியில அடிபட்டா?”

சன்னல் பெண்ணின் முகம் மலர்ந்தது. “அது விபத்துப் பிரிவு. மூணாவது மாடி. அங்க உடனே கொடுத்துடுவாங்க.”

கையில் பழைய மாத்திரை அட்டை கொஞ்சம் மிச்சம் இருந்தது. விடுமுறை நாளில் போடாமல் இழுத்துப் பிடித்தால் மாதக் கடைசி வரை வரும். கூடத்தில் அந்தச் சமயம் பார்த்து ஒரு முதியோர் விடுதியின் வேலை வந்திருந்தது, அத்தனை பேருக்கும் பல்செட். முதலாளியம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “இதுல ஒரு வாய் மாறிப்போனாலும் என் பேரு போயிடும். மாசக் கடைசிக்குள்ள மருந்து விஷயத்தச் சரி பண்ணிடு. இல்லன்னா, மனசு கேக்கல, ஆனாலும் உன்னை வெச்சுக்க முடியாது,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முதலாளியம்மா இரக்கத்தோடு சொன்னாள்.

அண்ணனிடம் போனாள். “இதுக்கு ஏன் மூஞ்சியத் தொங்கப் போடற? எல்லாத்துக்கும் வழி இருக்கு. மருந்து ஆலோசகரப் பாரு, என் பேரச் சொல்லு,” என்றான்.

மருந்து ஆலோசகர் மெலிந்த, மரியாதையான மனிதர். அவர் மேசையில் ஒரு சின்னப் பூந்தொட்டி இருந்தது, அதில் இருந்த பூ பிளாஸ்டிக். அண்ணன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்று உட்கார்ந்தார்.

“விலை கூடின மருந்து வேணும்னா முதல்ல விலை குறைஞ்சதுல நீங்க தோக்கணும்மா. எடுத்த எடுப்புல மேல ஏறக் கூடாது. படிப்படியா தோத்துட்டு வரணும்.”

“நான் ஏற்கெனவே வாழ்க்கை பூரா தோத்துட்டுதான் சார் வந்திருக்கேன்.”

“அது அனுமதி வாங்காத தோல்வி. கணக்குல வராது.”

முதல் படி, மூச்சுப் பயிற்சி வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். மூச்சைக் கவனிக்கத் தெரிந்தால் இங்கே எதற்கு வந்திருக்கப் போகிறேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருந்ததில் வகுப்பு முடிந்து எல்லாரும் போனதைக் கவனிக்கவில்லை. விளக்கை அணைக்க வந்த காவலாளிதான் எழுப்பிவிட்டார். பயிற்சியாளர் அவளுடைய வருகை அட்டையில் ‘அபார ஈடுபாடு, வகுப்பு முடிந்தும் தொடர்ந்தார்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

இரண்டாம் படி, மலிவு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டால் கவனம் வரவில்லை, தூக்கம் வந்தது. மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். முதலாளியம்மா தட்டி எழுப்பியபோது கன்னத்தில் ஒரு முழுக் கீழ்வரிசைப் பல் பதிந்திருந்தது. யாரோ ஒரு கிழவர் கடித்துவிட்ட மாதிரி. முதலாளியம்மாவே அதைப் படம் பிடித்து, ‘இவள் வேலை நேரத்தில் தூங்கினாள், நான் சாட்சி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

ஆலோசகர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தூங்கினீங்க, சரி. தூங்கறப்ப ஏதாவது தப்பு பண்ணீங்களா?”

“தூங்கறப்ப எப்படி சார் தப்பு பண்ண முடியும்?”

“அதத்தான் நானும் கேக்கறேன். முன்னாடி தப்பு பண்ணிட்டிருந்தீங்க, இந்த மாத்திரை போட்டதும் நின்னுடுச்சு. மருந்து வேலை செய்யுதே அம்மா!” அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். “இருந்தாலும் உங்க அண்ணனுக்காக மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்பறேன். அடுத்த வாரம் கூடுது, காலையில பத்து மணி. ஒரு நிமிஷம் தாமதமா வந்தாலும் மனு தள்ளுபடி. சொல்லிட்டேன்.”

“சரியா பத்துக்கு வந்தா?”

“வந்தா, உங்களுக்கு நேரத்துல கவனம் இருக்குன்னு குறிச்சுக்குவாங்க.”

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் அவளைக் கழகத்துச் சிற்றுண்டிச் சாலைக்குக் கூப்பிட்டான். அதுவே அதிசயம். வீட்டில்கூட அவளோடு உட்கார்ந்து டீ குடித்தவனில்லை. பேச்சு எங்கெங்கோ போய் அம்மாவிடம் வந்து நின்றது. அம்மா கடைசியாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பார்த்துக்கொண்டது இவள்தான். அப்போது மாத்திரையும் இல்லை, டாக்டரும் இல்லை, தனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதும் தெரியாது. அண்ணன் வார விடுமுறைக்கு வந்து பழம் வைத்துவிட்டுப் போவான்.

“உன்னால எப்படி முடிஞ்சுது? அவ்வளவு மருந்து, மணிக்கொரு தரம். நான் இதக் கேட்டதே இல்ல பாரு,” என்றான். அவன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பேனாவால் மருந்து நேரத்தை எழுதிக்கொண்டது, கடிகாரங்களைக் கடன் வாங்கி வீடெல்லாம் அலறவிட்டது, தூங்கினால் தவறிவிடுமோ என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தது, அதில் பழைய வேலை போனது, வீட்டில் மற்ற எல்லாமே பாழாய்ப்போனது. “கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்தேன்ணா. ஒரு வேளைகூடத் தவறல,” என்றாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். நடுநடுவே போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அண்ணிக்குப் பதில் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

குழு கூடும் நாளில் அந்த அறைக்குப் போனாள். பத்து ஆக மூன்று நிமிஷம் இருக்கும்போதே போய்விட்டாள், குறித்துக்கொண்டார்கள். குழு வந்தபோது மணி பதினொன்றரை, அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்று பேர். நடுவில் தலைவர். வலது பக்கம் மருத்துவ உறுப்பினர், அவர் பாத நோய் நிபுணர். இடது பக்கம் ஒரு அம்மாள், மனிதநேய உறுப்பினர் என்று மேசைப் பலகையில் போட்டிருந்தது. சுவரோரமாக ஒரு நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். தனக்காக வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

தலைவர் கோப்பைத் திறந்தார். “முட்டி இப்ப எப்படி இருக்கு?”

“முட்டி நல்லாத்தான் இருக்கு சார்.”

“அப்புறம் எதுக்கு மாத்தணும்கிறீங்க?”

மனிதநேய உறுப்பினர் குனிந்து, அது அடுத்த மனு என்று காதில் சொன்னார். தலைவர் சற்றும் கலங்காமல் வேறு கோப்பை எடுத்தார். மருத்துவ உறுப்பினர் மேசைக்கடியில் போனில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார், அவ்வப்போது “ச்சே” என்றார்.

“அம்மா, முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்,” என்று தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டார். “இந்தக் கழகத்த நாங்க ஒரு குடும்பமா நடத்தறோம். குடும்பத்துல எல்லாரும் கேட்டதெல்லாம் கொடுத்தா என்ன ஆகும்? குடும்பம் தெருவுக்கு வந்துடும். ஆரோக்கியமா இருக்கறவங்க பணம் கட்டறாங்க, ஒண்ணும் கேக்கறதில்ல. அவங்கதான் நல்ல பிள்ளைங்க. நோய் வந்ததும் சில பேர் மாறிடறாங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க, இன்னிக்கு வந்து ‘கொடு, கொடு’ங்கறாங்க. எங்களுக்கு எவ்வளவு வருத்தமா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நம்பிக்கைத் துரோகம் மாதிரி இருக்கும்மா.”

மனிதநேய உறுப்பினர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அது அவருடைய பொறுப்பு.

“இருந்தாலும் நாங்க அவசரப்பட்டு முடிவு எடுக்கறதில்ல. இந்த வருஷம் உறவுச் சான்றுத் திட்டம்னு ஒண்ணு கொண்டாந்திருக்கோம். சொந்தக்காரங்க நோயப் பத்தி நம்ம ஊழியர்களுக்குத் தெரிஞ்ச உண்மைய அவங்களே முன்வந்து சொல்றது. சொல்றவங்களுக்குப் பதவி உயர்வுல முன்னுரிமை. உங்க அண்ணன்தான் முதல் ஆளா முன்வந்தார். நல்ல மனுஷன்.”

தலைவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எழுதிய மருந்து நேரம். கடன் வாங்கிய கடிகாரங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. விளக்கெண்ணெய்கூட இருந்தது. சிற்றுண்டிச் சாலையில் அவள் சொன்ன வார்த்தைகள் ஒன்று விடாமல் இருந்தன, பழைய வேலை போனதையும் வீடு பாழாய்ப்போனதையும் தவிர. கடைசியில், ‘எனவே என் தங்கைக்குக் கவனக் குறைபாடு இருந்ததாகச் சொல்ல இடமில்லை’ என்று முடிந்திருந்தது.

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா போன அன்றுகூட அவள் இப்படி அநாதையாக உணரவில்லை, அன்றைக்குப் பக்கத்தில் அண்ணன் இருந்தான் என்று நினைத்திருந்தாள்.

“சார், அது… அம்மாவுக்காக. அப்படி இருந்து இருந்தே நான் செத்துப் பொழச்சேன். எல்லா நாளும் மனுஷங்களால அப்படி இருக்க முடியாது.”

“முடியும்னு நீங்களே காட்டியிருக்கீங்களே. கையில எழுதிக்கிறதுக்கு என்ன செலவு? ஒரு பேனா,” என்றார் தலைவர். “பேனாவுக்கு வேணும்னா வசதிப் பிரிவுல பரிசீலிக்கலாம்.”

மருத்துவ உறுப்பினர் முதன்முறையாகத் தலையைத் தூக்கி, “பாதத்துல உணர்ச்சி இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அவர் மறுபடி மேசைக்கடியில் போய்விட்டார்.

மனிதநேய உறுப்பினருக்கு மனசு இளகியது. முன்னால் சாய்ந்து, தணிந்த குரலில், “இதுல ஒரு வழி இருக்கும்மா. நீங்க அம்மாவுக்கு மருந்து கொடுக்கறதுல அப்பப்ப தவறவிட்டதா, அதனால அவங்களுக்குக் கஷ்டம் வந்ததா ஒரு வாக்குமூலம் கொடுத்தா, உங்க அண்ணன் சொன்னது தப்பாயிடும். நோய் நிரூபணம் ஆயிடும். இன்னிக்கே மருந்துக்கு உத்தரவு போட்டுடலாம். ரொம்ப வேண்டாம், சும்மா ஒரு நாலஞ்சு வேளை,” என்றார்.

மின்விசிறியிலிருந்து பார்வையை இறக்கி அண்ணன் அவளைப் பார்த்தான். கண்ணாலேயே தலையாட்டினான். சொல்லிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்கிற மாதிரி. அவன் பார்வையில் கெஞ்சல்கூட இருந்தது, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மாதக் கடைசியை நினைத்தாள். விடுதியில் பல்லில்லாமல் காத்திருக்கும் வாய்களை நினைத்தாள். சொல்லிவிட்டால் மேசை இருக்கும், சம்பளம் இருக்கும், புகையாத மெழுகு இருக்கும். அம்மாவுக்கு இனிமேல் ஒன்றும் ஆகப்போவதில்லை. வாயைத் திறந்தாள்.

“ஒரு வேளைகூடத் தவறல,” என்றாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“தவறல சார். ஒரு வேளைகூட.”

தலைவர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி. “எழுதிக்கோங்க. மனுதாரர் முழுக் கவனமுள்ளவர்னு இந்தக் கழகம் மகிழ்ச்சியோட அறிவிக்குது. இதோட ஒரு நகல் அவங்க வேலை செய்யற இடத்துக்கும் போகட்டும், அவங்களும் சந்தோஷப்படட்டும்.” மூன்று பேரும் கை தட்டினார்கள். மருத்துவ உறுப்பினர் எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

நடைகூடத்துக்கு வருவதற்குள் முதலாளியம்மாவின் போன் வந்துவிட்டது. நல்ல செய்தி மட்டும் அந்தக் கழகத்திலிருந்து அவ்வளவு வேகமாகப் போகும். “உனக்கு நோயே இல்லைன்னு வந்திருக்கு. முழுக் கவனம்னு முத்திரை வேற குத்தியிருக்காங்க. அப்ப அந்தத் தப்பெல்லாம் நீ வேணும்னே செஞ்சதா? உன்னப் பாவம்னு நெனச்சு வெச்சுக்கிட்டிருந்தேனே. இனிமே வராத, கணக்க முடிச்சு அனுப்பிடறேன்.” அவள் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அண்ணன் வேகமாக நடந்து வந்து அவளோடு சேர்ந்துகொண்டான்.

“உனக்குப் புத்தி இருக்கா? அந்த அம்மா அவ்வளவு எடுத்துக் கொடுத்தாங்க. ஒரே ஒரு வார்த்தை. சான்று கொடுத்ததுக்கே எனக்குப் பதவி உயர்வு, நீ சொல்லியிருந்தா உனக்கும் மாத்திரை. நான் எல்லாத்தையும் யோசிச்சுதான் பண்ணினேன்.”

“என்னப் பத்தி எழுதிக் கொடுத்தியே அண்ணா.”

“நான் என்ன பொய்யா எழுதினேன்? நீ அம்மாவ எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டேன்னுதானே எழுதினேன்? இந்த உலகத்துல வேற யாராவது உன்னை அவ்வளவு பாராட்டி எழுதியிருக்காங்களா?”

யாரும் எழுதியதில்லை. அதுவும் உண்மைதான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“அம்மாவுக்கு என்ன மருந்து கொடுத்தேன்? ஒண்ணோட பேரு சொல்லு, பாப்போம்.”

அண்ணன் கையிலிருந்த கோப்பை அவசரமாகப் புரட்டினான். ஒரு தாள், இன்னொரு தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது.

“அடடா, அது விட்டுப்போச்சே. மருந்துப் பேரு இல்லாம சான்று முழுமையாகாது, மேல கேப்பாங்க.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான். “உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. வரிசையா எழுதிக் கொடுத்துடு.”

அவள் பேனாவை வாங்கவில்லை. அவனைத் தாண்டிப் படியிறங்கினாள்.

“சரி, இப்ப வேண்டாம். நாளைக்குக் கொடு,” என்று மேலேயிருந்து குரல் கொடுத்தான் அண்ணன். “மறந்துடாத!”

“மறக்க மாட்டேன்,” என்றாள் அவள்.